எண்ணும் பெயரும்: ஸ்டார் வார்ஸ் கார்ட்டூன் தொடர்களின் தரம் பற்றிய ஒரு மதிப்பீடு

1

கலைப் படைப்பொன்றின் தரம் யாது என்னும் வினா நமது திறனாய்வு மரபிற் பெரும்பாலும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியன குறித்தே எழுப்பப்பட்டு வந்துள்ளது. சினிமாவையும் அவ்வினாவிற்கு உட்படுத்தியோர் உளர். ஆயின் சிறுவர்க்கென்றும் குடும்பத்தினர்க்கென்றும் தயாரிக்கப்படும் தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்கள் ஆய்வுக்குரியன என்னும் தகுதியையே நம்மிடையே இன்னும் பெற்றில. முற்போக்கு அணியினரிடையே அவை பற்றி இரு மனப்பாங்குகள் நிலவுகின்றன. அவற்றை ஏகாதிபத்தியப் பண்பாட்டின் நச்சுப் பண்டம் எனக் கொண்டு பாராமலே ஒதுக்குவது ஒன்று. வெறும் பொழுதுபோக்கு எனக் கொண்டு பார்த்துவிட்டு மறந்துவிடுவது மற்றையது. இவ்விரண்டும் ஆய்வு முயற்சியைத் தவிர்க்கும் வழிகளே என்பதிற் கருத்து வேறுபாடிருக்க முடியாது.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் ஒன்றுண்டு. இக்கட்டுரையாசிரியனின் ஊர் அம்பாறை மாவட்டத்து இறக்காமம். குளத்தையும் வட்டையையும் நம்பி வாழும் ஊர். அங்கு எனது ராத்தாவின் மகன், பன்னிரண்டு வயதினன், ஸ்டார் வார்ஸ் தொடர்களுள் ஒன்றைக் கைப்பேசியிற் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாகும்வரை அந்தப் படைவீரர் காவல் காத்த பெட்டிகளுக்குள் இருந்தது அவர்களுக்கு ஏன் முன்பே சொல்லப்படவில்லை என்று கேட்டான். அவ்வினாவிற்கு உடனடியாக விடையளிக்க என்னால் இயலவில்லை. ஒரு சிறுவனை அவ்வாறு கேட்கச் செய்த படைப்பை நச்சு என்றோ பொழுதுபோக்கு என்றோ தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அதேவேளை அதனை ஆக்கிய நிறுவனத்தின் நோக்கங்களை மறந்து அதனைப் போற்றுதலும் நேர்மையாகாது. இத்தொடர்களின் தரம் எங்கே உயர்கின்றது, எங்கே தாழ்கின்றது, ஏன் என்பதனை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

எந்தவொரு கலை வடிவத்தையும் அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்தறிய முடியாது. 1977 இல் வெளியான திரைப்படத்துடன் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் ஒரே கதையுலகைப் படமாகவும் நூலாகவும் விளையாட்டுப் பொம்மையாகவும் பிரித்து விற்கும் வணிக அமைப்பாக விரைவிலேயே வளர்ந்தது. அக்கதையுலகின் முதலிரு கார்ட்டூன் தொடர்களான ‘டிரொய்ட்ஸ்’, ‘ஈவொக்ஸ்’ ஆகியன 1985 இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தன. றேகன் ஆட்சியில், 1984 இல், தொலைக்காட்சி விளம்பரங்கள் மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதன் பின்னர், பொம்மை விற்பனையையே நோக்காகக் கொண்ட கார்ட்டூன்கள் அங்கு பெருகிய காலம் அது. அவ்விரு தொடர்களும் அக்காலத்தின் குழந்தைகளே. அவற்றில் வரும் தீமைக்கு வரலாறு இல்லை, நன்மைக்கும் இல்லை.

டொனால்ட் டக் கதைகளை ஆராய்ந்து ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மற்றலாற்றும் சிலியில் 1971 இல் எழுதிய நூல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அக்கதைகளில் உழைப்பு மறைக்கப்படுவதையும், செல்வம் உழைப்பின்றி மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்படும் பொருளாகக் காட்டப்படுவதையும் அவர்கள் சுட்டினர். அவர்களது அளவுகோல் இன்றும் பயன்படத்தக்கதே. ஆயினும் 2008 இற்குப் பின் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் தொடர்கள் சிலவற்றிற்கு அதனைப் பிரயோகிக்கும்போது எதிர்பாராத பெறுபேறு கிடைக்கின்றது. அவை உழைப்பை மறைப்பதற்குப் பதிலாக, பல இடங்களில், அதனையே கதைப்பொருளாக்குகின்றன.

இங்கு ஆராயப்படும் தொடர்கள் மூன்று. 2008 இல் தொடங்கி, இடையில் நிறுத்தப்பட்டு, 2020 இல் ஏழாவது பருவத்துடன் முடிவுற்ற ‘த குளோன் வார்ஸ்’. 2014 முதல் 2018 வரை நான்கு பருவங்களாக ஒளிபரப்பான ‘றெபெல்ஸ்’. 2021 முதல் 2024 வரை மூன்று பருவங்களாக வந்த ‘த பாட் பாட்ச்’. இவற்றிற்கிடையே 2012 இல் டிஸ்னி நிறுவனம் இக்கதையுலகு முழுவதையும் ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்கியது என்பதும், மறு ஆண்டிலேயே முதலாவது தொடர் நிறுத்தப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

3

தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்க மரபுடன் ஒப்பிட்டுப் பேராசிரியர் க. கைலாசபதி எழுதிய ஆய்வு 1968 இல் வெளிவந்தது. அவ்வாய்வினைக் கற்றோர்க்கு ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் அமைப்புப் புதிதன்று. குடிப்பிறப்பு, குருகுலம், வாள், வஞ்சினம், தந்தை மகன் பகை ஆகியவற்றால் ஆனது அவ்வுலகு. வீரயுகப் பாடலிற் புரவலனதும் தலைவனதும் பெயர் நிலைபெறும். அவர்களுக்காகக் களத்தில் வீழ்ந்த காலாட்கள் பெயரற்றோராய் மறைவர். திரைப்படங்களும் இவ்வாறே ஜெடி வீரர்களின் பெயரைப் பாடின.

குளோன் வார்ஸ் தொடரின் சிறந்த பகுதிகள் இந்நோக்கைத் தலைகீழாக்குகின்றன. அங்கு பெயரற்ற காலாட்களே கதைத் தலைவராகின்றனர். ஒரே மனிதனின் படியாக, கமினோ என்னும் நீர்க்கோளிலுள்ள ஆலையில், இருமடங்கு வேகத்தில் வளர்க்கப்பட்டு, குடியரசுக்கு விற்கப்பட்ட படைவீரர் அவர்கள். பிறப்பிலே அவர்களுக்குக் கிடைப்பது எண் மாத்திரமே. பெயரை அவர்கள் தாமே சூட்டிக்கொள்கின்றனர். உழைப்புச் சக்தி பண்டமாதல் என மார்க்ஸ் விளக்கியதை இதனிலும் வெளிப்படையாகச் சித்திரித்தல் அரிது. இங்கு உழைப்புச் சக்தி மட்டுமன்றி உழைப்பாளியே ஆலையில் உற்பத்தியாகி, விலைபேசப்பட்டு, கப்பலில் ஏற்றப்படுகின்றான்.

உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்கும் உள்ள உறவு இங்கு விதந்து கூறத்தக்கது. கணினி அசைவூட்டத்தில் ஒரே முக வார்ப்பைப் பலமுறை பயன்படுத்துதல் செலவைக் குறைக்கும் வழி. அச்சிக்கன வழியே தொடரின் கருப்பொருளாகி விட்டது. முகம் ஒன்று, முடிவெட்டும் பச்சைகுத்தும் தலைக்கவசத்து வண்ணமும் வேறு. எல்லாக் குளோன்களுக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்னும் ஒரே நடிகர். ஆயினும் சிறிது பழகிய பார்வையாளர் கண்ணை மூடிக் கேட்டாலும் ரெக்ஸ் யார், ஃபைவ்ஸ் யார் என அறிவர். ஒருமைக்குள் ஆளுமைகளைப் பிரித்துக் காட்டும் இத்திறனே இத்தொடரின் முதன்மையான கலைச் சாதனை எனலாம்.

மூன்று பகுதிகளைச் சுட்டுவது போதுமானது. 2010 இல் ஒளிபரப்பான, கமினோவில் நிகழும் பகுதிகளில் 99 என்னும் எண்ணையே பெயராகக் கொண்ட குளோன் ஒருவன் வருகின்றான். வார்ப்பிற் பழுதானவன், முதுகு வளைந்தவன், படைக்கு உதவான் எனத் தள்ளப்பட்டுத் துப்புரவு வேலை செய்பவன். பயிற்சியிலிருந்து தப்பியோட எண்ணும் இளைஞனைத் தடுத்துத் தோழர்பால் திருப்புபவன் அவனே. ஆலை தாக்கப்படும்போது ஆயுதம் சுமந்து இறப்பவனும் அவனே. அதே ஆண்டில் வந்த ‘த டிசேர்ட்டர்’ என்னும் பகுதியில், காயமுற்ற ரெக்ஸ் ஒரு கமக்காரனின் வீட்டிற் கிடத்தப்படுகின்றான். அக்கமக்காரன் படையை விட்டோடிய ஒரு குளோன். மனைவி மக்களுடன் நிலம் உழுது வாழ்பவன். கடமையா வாழ்வா என அவ்விருவரும் உணவு மேசையிலிருந்து நடத்தும் விவாதத்தில் எவரும் வெல்வதில்லை. ரெக்ஸ் திரும்பிச் செல்கின்றான். ஆனால் மற்றவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது, 2011 இல் வந்த உம்பாரா என்னும் நான்கு பகுதிகள். ஜெடித் தளபதி கிரெல் குளோன்களை எண்ணால் அழைத்து, பயனற்ற தாக்குதல்களில் அழியவிடுகின்றான். கட்டளை மீறிய இருவரைச் சுடுவதற்கு அணி நிறுத்தப்படுகின்றது. அவ்வணியினர் ஒருவர் தவறாமற் குறியை விலக்கிச் சுடுகின்றனர். ஒரு வர்க்கம் தன்னை அறிந்துகொள்ளும் கணம் அது. எதிரி நமது கவசத்தை அணிந்து வருகின்றான் எனக் கூறிக் குளோன்களைக் குளோன்களுக்கெதிராகவே ஏவும் அடுத்த காட்சியில், வீழ்ந்தவனின் தலைக்கவசத்தைக் கழற்றும் ரெக்ஸ் தனது முகத்தையே காண்கின்றான். முப்பதாண்டு யுத்தத்தைக் கண்ட நாட்டில், வறிய குடும்பங்களின் பிள்ளைகளே எத்தரப்பிலும் முன்னணியில் வீழ்ந்த நாட்டில், இக்காட்சியைக் கற்பனை எனக் கடந்து செல்லல் எளிதன்று.

ஆயினும் இவ்விடத்திலேயே தொடரின் கருத்துநிலை எல்லையும் புலப்படுகின்றது. படையமைப்பைப் பற்றிய வினாவாகத் தொடங்கிய கதை, கிரெல் ஏற்கெனவே தீயசக்தியின் பக்கம் சாய்ந்த துரோகி என்னும் வெளிப்படுத்தலுடன் முடிகின்றது. அமைப்பின் குற்றம் தனியொருவனின் கயமையாகச் சுருங்குகின்றது. நல்ல தளபதி வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்னும் ஆறுதல் மிஞ்சுகின்றது. 2014 இல் வெளிவந்த ஆறாம் பருவத்திலும் இதுவே நிகழ்கின்றது. குளோன்கள் தம் ஜெடித் தலைவரை ஏன் கொன்றனர் என்னும் வினாவிற்கு, மூளையிற் பதிக்கப்பட்ட சில்லு ஒன்று விடையாகின்றது. கீழ்ப்படிதல் என்பது பயிற்சியாலும் ஊதியத்தாலும் கருத்துநிலையாலும் உருவாக்கப்படும் சமூக நிகழ்வு. அதனைப் பொறியியல் விடயமாக்குதல் வசதியானது. அறுவைச் சிகிச்சையால் விடுதலை பெறலாம் என்றாகிவிடுகின்றது.

யுத்தத்தின் செலவை யார் சுமக்கின்றனர் என்னும் வினாவையும் இத்தொடர் ஒருமுறை தொட்டது. 2010 இல் வந்த ஒரு பகுதியில், மேலும் குளோன்களை வாங்கக் கடன்பெறும் பிரேரணையை எதிர்த்துப் பத்மே பேசுகின்றாள். தனது பணிப்பெண்ணின் வீட்டில் மின்சாரமும் நீரும் அரிதாகியுள்ளதை அவள் சபைக்கு எடுத்துரைக்கின்றாள். 2022 இல் இருளில் அமர்ந்திருந்த நமக்கு அப்பேச்சின் பொருள் விளக்க வேண்டியதன்று. ஆயினும் அப்பணிப்பெண் சபையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளுக்கு ஊதியம் வழங்குபவள் பத்மேயே என்பதையும் எவரும் கேட்பதில்லை.

4

‘த பாட் பாட்ச்’ தொடரின் நாயகர், வார்ப்பிற் பிறழ்ந்த குளோன்களைக் கொண்ட ஒரு சிறு குழுவினர். அக்குழுவின் பெயரிலுள்ள 99 என்னும் எண் துப்புரவு வேலை செய்த அப்பழுதானவனின் நினைவாக இடப்பட்டது. யுத்தம் முடிந்தபின், குடியரசு பேரரசாகியபின், பயன்பட்டு முடிந்த உழைப்பாளிக்கு என்ன நேர்கின்றது என்பதே இத்தொடர் எழுப்பும் வினா. விஞ்ஞானப் புனைகதையில் வெற்றிக்குப் பின்னர் வரும் ஓய்வூதியம் பற்றிய வினா அருமையாகவே எழும்.

2023 இல் வந்த இரு பகுதிகளில் செனற் சபை படைச் சேர்ப்புச் சட்டமூலம் ஒன்றை விவாதிக்கின்றது. குளோன்களை விலக்கி, குடிமக்களிலிருந்து மலிவாகப் படை திரட்டுதல் அதன் நோக்கம். குளோன் ஆலையைப் பேரரசின் அதிகாரி ஒருவனே அழித்தான் என்னும் உண்மையை நாயகர் அரும்பாடுபட்டு வெளிக்கொணர்கின்றனர். உண்மை வெளியாகின்றது, அதிகாரி கைதாகின்றான். அடுத்த கணமே பேரரசன் அவ்வுண்மையையே தனதாக்கி, கட்டளைக்குக் கேள்வியின்றிப் பணிந்து தம் தாயகத்தையே அழித்த குளோன்களை இனி நம்பவியலாது எனக் கூறி, சட்டமூலத்தை நிறைவேற்றுவிக்கின்றான். உண்மையை வெளிப்படுத்தினால் நீதி தானே வரும் என்னும் தாராண்மைவாத நம்பிக்கையை ஒரு சிறுவர் தொடர் இவ்வளவு கூர்மையாக மறுத்திருப்பது வியப்புக்குரியது. எத்தனையோ விசாரணை ஆணைக்குழுக்களைக் கண்ட நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்வோம்.

அதே பருவத்தின் ‘த அவுட்போஸ்ட்’ என்னும் பகுதியே எனது மருமகனின் வினாவிற்கு ஊற்றானது. பனிக்கோள் ஒன்றில், மேஜர் தரமுமற்ற இளநிலை அதிகாரி ஒருவனின் கீழ், மேடே என்னும் குளோன் தலைவன் சரக்குப் பெட்டிகளைக் காவல் காக்கின்றான். கேட்ட உணவும் மருந்தும் கவசமும் வந்து சேரவில்லை. அவனது தோழர் ஒவ்வொருவராக இறந்துவிட்டனர். புதிதாக வந்த குரொஸ்ஹெயார் என்பவனுடன், களவுபோன பெட்டிகளைத் தேடிச் சென்று மீட்கின்றான். பெட்டி ஒன்று உடைந்து திறந்திருக்கின்றது. உள்ளே புதிய படைக் கவசங்கள். தங்களை விலக்கிவிட்டுத் தங்கள் இடத்திற்கு வரவிருக்கும் வீரர்களுக்கானவை. காயமுற்ற மேடேயைச் சுமந்து குரொஸ்ஹெயார் முகாமை அடைகின்றான். அதிகாரி மருத்துவ உதவியை மறுக்கின்றான். மேடே இறந்தபின், அதுவரை பேரரசுக்கு விசுவாசமாக இருந்த குரொஸ்ஹெயார் அவ்வதிகாரியைச் சுட்டு வீழ்த்துகின்றான்.

அந்நியமாதல் பற்றி நூல்களிற் படிப்பதை குறுகிய காலத்தில் இப்பகுதி காட்சியாக்குகின்றது. தனது உழைப்பின் பயன் தனக்கெதிராகவே திரும்பி நிற்பதை உழைப்பாளி தன் கண்ணாலே காண்கின்றான். இங்கு மாயச் சில்லு இல்லை, தீயசக்தியும் இல்லை. உள்ளவை ஒரு களஞ்சியம், ஒரு கணக்குப் புத்தக மனப்பான்மை, இரு மனிதர் ஆகியனவே. மூன்று தொடர்களிலும் தரத்தில் உயர்ந்த பகுதி இதுவே என்பது எனது துணிபு.

5

நிலம் பற்றிய வினாவை ‘றெபெல்ஸ்’ எழுப்புகின்றது. கதை நிகழ்வது லொதால் என்னும் புல்வெளிக் கோளில். சிந்துவெளி நாகரிகத்தின் துறைமுக நகரொன்றுக்கும் இப்பெயரே. பேரரசு அங்கு சுரங்கமும் ஆலையும் அமைப்பதற்காகக் கமக்காரரை வெளியேற்றுகின்றது. வெளியேற்றப்பட்டோர் தகரக் கொட்டில்களில் வாழும் குடியிருப்புக்கு ஆட்சியாளன் டார்க்கினின் பெயரே ஏளனமாக வழங்குகின்றது.

முதற் பருவத்தில், 2014 இல், சுமார் என்னும் கமக்காரனின் காணி பறிக்கப்படுகின்றது. இரு ஆண்டுகளின் பின்னர், மூன்றாம் பருவத்தில், அதே சுமார் பேரரசின் ஆலையிற் தொழிலாளியாகக் காணப்படுகின்றான். அங்கு தொழிலாளர் தாம் செய்யும் ஊர்திகளை இரகசியமாகப் பழுதாக்கி வருகின்றனர். இதனை உய்த்துணரும் தளபதி திரோன், சுமார் தன் கையாற் செய்த ஊர்தியை அவனையே ஓட்டிக் காட்டச் சொல்கின்றான். ஊர்தி வெடித்து அவன் இறக்கின்றான். நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட உழவன் கூலித் தொழிலாளியாகின்றான். தான் செய்த பண்டத்தாலேயே அழிகின்றான். மூலதனத்தின் பூர்வீகத் திரட்சி என மார்க்ஸ் விவரித்த வரலாறு ஒரு சிறு பாத்திரத்தின் வாழ்வில் முழுமையாக அமைந்துள்ளது. லூக்காச் கூறும் வகைமாதிரிப் பாத்திரம் என்னும் தகுதி நாயகனான எஸ்ராவைக் காட்டிலும் இச்சுமாருக்கே உரியது.

கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கிய காலந்தொட்டுக் காணி என்னும் சொல்லை நெஞ்சுப் பதைப்புடனேயே உச்சரிக்கப் பழகிய மாவட்டம் எமது. 2016 இல் இறக்காமம் பிரதேசத்து மாயக்கல்லி மலையில் சிலை நிறுவப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த பிரச்சினையிலும் காணியே அடிப்படையாக இருந்தது. போடியார் நிலத்தில் முல்லைக்காரராய் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் சுமாரின் கதையை வேற்றுக்கோளின் கதையாகக் காண்பார்கள் என நான் நம்பவில்லை.

எனினும் 2018 இல் வந்த முடிவு பெரும் ஏமாற்றத்தைத் தருகின்றது. லொதாலின் விடுதலைப் போரில் சில போராளிகள் பங்குகொள்கின்றனர் என்பது மெய். ஆயின் தீர்க்கமான அடியைக் கொடுப்பவை எஸ்ரா தன் அபூர்வ ஆற்றலால் அழைக்கும் விண்வெளித் திமிங்கிலங்களே. ஆலைக்குள் ஊர்திகளைப் பழுதாக்கிய தொழிலாளர் எங்கே? தகரக் கொட்டிலிற் காத்திருந்த கமக்காரர் எங்கே? அவர்கள் இறுதிக் காட்சியில் ஆரவாரிக்கும் கூட்டமாகின்றனர். கூத்தின் முடிவில் தெய்வம் தோன்றி வரமளிப்பது போன்றதே இது. கூத்திற்கு அதற்கான உலகநோக்கு இருந்தது. இத்தொடருக்கோ மக்களின் கூட்டுச் செயலில் நம்பிக்கை இல்லாமையே காரணம்.

குடும்பத் தொலைக்காட்சி என்னும் வகை இதில் வகிக்கும் பங்கும் கருதத்தக்கது. இத்தொடர்களில் அரசியல் இயக்கம் எப்பொழுதும் குடும்பமாகவே உருவகிக்கப்படுகின்றது. தாய் போன்ற மாலுமி, தந்தை போன்ற குரு, அனாதைப் பிள்ளை என்னும் அமைப்பில் தோழமை அன்பாக மென்மையடைகின்றது. வீட்டில் எல்லோரும் ஒன்றாயிருந்து பார்ப்பதற்கு அது ஏற்றதே. ஆனால் குடும்பம் சேர்ந்ததும் கதை முடிந்துவிடுகின்றது. சங்கம் அமைப்பது எவ்வாறு என்பது சொல்லப்படாமலே போகின்றது.

6

உழைப்பைக் கதைப்பொருளாக்கிய இத்தொடர்களை ஆக்கியோரின் உழைப்பு யாருடையது என்பதையும் கேட்டல் வேண்டும். குளோன் வார்ஸின் அசைவூட்ட வேலை பெருமளவிற்குத் தாய்ப்பேயிலும் சிங்கப்பூரிலும் நடைபெற்றது. கலிபோர்னியாவிற் கதை எழுதப்பட்டது. ஆசியாவில் அசைவு பெற்றது. குளோன்களின் ஓய்வூதியம் பற்றிய பகுதிகள் ஒளிபரப்பான அதே 2023 இல், ஓகஸ்ட் மாதத்தில், லூக்காஸ் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கலையகம் மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. மேடே காவல் காத்த பெட்டி இவ்விடத்தில் மீண்டும் திறக்கின்றது. விலக்கப்படும் உழைப்பாளியின் துயரையும் இலாபந்தரும் பண்டமாக்க மூலதனத்தால் இயலும் என்பதும், அப்பண்டத்திற்குள்ளும் உண்மை தங்கிவிடலாம் என்பதும் ஒருங்கே உண்மையாகும். இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் பற்றிக்கொள்வோர் இயங்கியலைக் கைவிட்டோராவர்.

இந்தியாவிலும் இத்துறையில் முயற்சிகள் தோன்றியுள்ளன. 2023 இல் ‘ஸ்டார் வார்ஸ்: விஷன்ஸ்’ தொகுப்பில் மும்பைக் கலையகம் ஒன்று ‘த பண்டிட்ஸ் ஒஃப் கோலாக்’ என்னும் குறும்படத்தை வழங்கியது. புகைவண்டி, வழியோர உணவுக்கடை, மசாலா மணம் யாவும் அழகுற அமைந்துள்ளன. ஆனால் அவ்வூரின் நிலம் யாருடையது, அக்கடையில் யார் யாருடன் அமர்ந்து உண்ணலாம் என்பன போன்ற வினாக்களுக்கு அங்கு இடமில்லை. வட்டாரச் சாயல் உண்டு. வட்டார வாழ்வு இல்லை. 2024 மே 31 இல், ‘கல்கி 2898’ திரைப்படத்திற்கு நான்கு வாரம் முன்னதாக, ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்னும் இரு பகுதிகள் கொண்ட கார்ட்டூன் தொடர் வெளியாயிற்று. வற்றிய காசி நகரின் மேலே எல்லா வளத்தையும் உறிஞ்சிக்கொண்டு நிற்கும் ஒரு மாளிகையுலகு அக்கதையின் களம். சிறந்த வர்க்க உருவகம் அது. நாயகனின் இலட்சியமோ பணம் சேர்த்து அம்மாளிகைக்குள் தான் மட்டும் நுழைந்துவிடுவது. முழுநீளப் படத்தின் முன்விளம்பரமாக வந்த தொடருக்கு அவ்விலட்சியத்தை வினாவுவதற்கு நேரமுமில்லை, தேவையுமில்லை.

நமது நாட்டு நிலையையும் சொல்லவேண்டும். ரூபவாஹினி 1982 இல் தொடங்கியபின், டைற்றஸ் தொட்டவத்த அயல்நாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களப் பேச்சுவழக்கும் நகைச்சுவையும் கலந்து புதுப்படைப்பாகவே மாற்றினார். ஒரு தலைமுறைச் சிங்களச் சிறுவர் அவற்றைத் தமதாகவே கொண்டு வளர்ந்தனர். அதற்கு ஈடான மரபொன்று இலங்கைத் தமிழில் உருவாகவில்லை. 2007 இன் பின்னர் எமது பிள்ளைகள் சென்னைச் சுட்டி தொலைக்காட்சியின் தமிழிலேயே கார்ட்டூன் பாத்திரங்களைக் கேட்டனர். தமது ஊர்ப் பேச்சில் ஒரு நாயகன் பேசக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. இக்குறைக்கு அரசின் மொழிக் கொள்கையுடன், சிறுவர் கலையைச் சிறுமையாகக் கருதிய எமது எழுத்தாளரும் பொறுப்பாளிகளே.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு இதுவாகும். இத்தொடர்களின் தரத்தை அவற்றின் சித்திர நேர்த்தியாலோ, மூலக் கதையுலகுக்கு அவை காட்டும் விசுவாசத்தாலோ அளத்தல் போதாது. உழைப்பையும் நிலத்தையும் நெருங்குந்தோறும் அவை உயர்கின்றன. அங்கு பாத்திரம் உயிர்பெறுகின்றது, உரையாடல் இறுக்கம் பெறுகின்றது, முகத்தின் அசைவும் நுண்மையடைகின்றது. வரலாற்றைக் குருதி வழியும் அபூர்வ ஆற்றலும் ஆக்கிவிடுமிடங்களில் அவை தாழ்கின்றன. அங்கு வாள் வீச்சும் வெடியும் கதையின் வெறுமையை நிரப்புகின்றன. கருத்துநிலை எல்லையும் கலை எல்லையும் ஒரே இடத்திற் சந்திப்பது தற்செயலன்று.

பெட்டிக்குள் இருந்ததை ஏன் முன்பே சொல்லவில்லை எனக் கேட்ட சிறுவனுக்கு, சொல்லியிருந்தால் அவர்கள் காவல் காத்திருக்கமாட்டார்கள் என்று பின்னொரு நாள் விடை கூறினேன். அவன் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் சொல்லித் தருவதற்கு அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்றான். தொடர் அவ்வொருவரைப் படைக்கவில்லை. எமது மொழியில், எமது வட்டைகளின் நடுவே, அவ்வாறான ஒருவரைச் சிறுவர்க்காகப் படைக்கும் பொறுப்பு எமது எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் சார்ந்தது.